எங்கள் மாவட்டத்தில் எவரும் இல்லை

செய்திமடலின் கடைசிப் பக்கத்தில்தான் மார்த்தாண்டன் செத்துப்போயிருந்தார். முதல் பக்கத்தில் பதவி உயர்வு பெற்றவர்கள், அடுத்து இடமாற்றங்கள், பதக்கம் வாங்கியவர்கள், யாரோ ஒரு அதிகாரியின் மகள் டென்னிஸில் ஜெயித்த செய்தி, பணி ஓய்வு, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் தபால்தலை அளவுக்கு அவருடைய படம், தொப்பியுடன், எப்போதோ எடுத்தது. காவல் துறையில் நீண்ட காலம் பணியாற்றியவர், இனிய பண்பாளர், துணைவியாரும் இரண்டு மகள்களும் உள்ளனர். வெள்ளாற்றூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அருணகிரி அந்த நான்கு வரியையும் படித்துவிட்டு மடலை மடித்தான். பிறகு விரித்தான். மாவட்டக் காவல் தலைவர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு, மலை ஊரின் பெரிய ஓட்டலில் கூட்ட அரங்கம். வெளியே சாரல். குளிர் போதாதென்று உள்ளே ஏசி வேறு. சாம்பல் நிறத் திரைச்சீலைகளில் ஈர வாடை, பக்கத்தில் யாரிடமோ தயிர்சாத ஏப்பம். இனிய பண்பாளர். எழுதியது யாராக இருக்கும், மகளா? அந்த மகள்களுக்கு இப்போது ஐம்பதை நெருங்கியிருக்கும். அவர்களைக் குளிப்பாட்டித் தலை துவட்டிப் பள்ளிக்கூட ரிக்ஷாவில் ஏற்றிவிட்டது யார் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்குமா? முனிரத்தினம் என்ற பெயராவது? பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களோ, இல்லை வெறுமனே ஆர்டர்லி என்றா?

மேடையில் சங்கத் தலைவர் கோதண்டபாணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பொருளுக்கு வந்தார். ஆர்டர்லி விஷயம். காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் அறவே ஒழிந்துவிட்டது என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பவேண்டும். சும்மா கை தூக்கினால் போதாது, ஒவ்வொரு மாவட்டத் தலைவரும் எழுந்து தன் வாயால் சொல்லட்டும், செயலாளர் குறித்துக்கொள்வார் என்றார். அரங்கத்தில் மெல்லிய சிரிப்பு பரவி அடங்கியது. அகரவரிசைப்படி ஆரம்பித்தார்கள். முதலில் எழுந்தவர் தொண்டையைச் செருமி, எங்கள் மாவட்டத்தில் எவரும் இல்லை சார் என்றார். அது நல்ல வாக்கியமாக அமைந்துவிட்டது போல, இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவரும். வெள்ளாற்றூருக்கு முறை வர நேரம் இருக்கிறது, பட்டியலின் வாலில்தான் வரும். பக்கத்து நாற்காலியில் அவனோடு பயிற்சியில் இருந்த பிலோமினா, இன்னொரு மாவட்டத்தின் தலைவி, கைக்குட்டையால் மூக்கை மூடித் தும்மினாள். எவரும் இல்லை சார். நாற்காலி நகரும் சத்தம், ஒரு குரல், மறுபடி நாற்காலி. அருணகிரியும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். சுலபமாகத்தான் இருந்தது. இந்த நேரத்துக்கு வீட்டில் தேசிங்கு இரவு டிபனுக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பான். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன், இரண்டாம் நிலைக் காவலர், சட்னிக்கு எவ்வளவு புளி என்று ஹேமலதாவிடம் கேட்பான். ஹேமலதா கண் டாக்டர், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் இருட்டித்தான் வருவாள், அவள் என்ன செய்வாள், யார்தான் என்ன செய்வார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான், கூசாமல், பல் தேய்க்கிற மாதிரி தினமும்.

மார்த்தாண்டனைச் சந்தித்ததும் இதே சங்கத்தின் மாநாட்டில்தான், ஊர் வேறு. அவன் முதன்முதலாகக் கலந்துகொண்ட வருடம். அன்றைக்கு ஓய்வு பெற்ற மூத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், மார்த்தாண்டனுக்குப் போர்த்தச் சொல்லி அருணகிரியைக் கூப்பிட்டார்கள், இளைஞன் என்பதால். போர்த்திவிட்டுப் பெயர் சொன்னான். எந்த ஊர் என்று கேட்டார். ஆரணிப் பக்கம் சார், அப்பாவும் டிபார்ட்மென்ட்தான் சார், ஏட்டாக ரிட்டயர் ஆனவர், முனிரத்தினம். சொல்லும்போது எவ்வளவு பெருமை, ஏட்டு மகன் அதிகாரி ஆகிவிட்டேன் என்பதை எல்லா மேடையிலும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த காலம். மார்த்தாண்டன் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் கொஞ்சமும் கள்ளம் இல்லை, அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. நம்ம முனிரத்தினமா, எங்க வீட்டுல ஆறு வருஷம் இருந்தானே, அவன் வைக்கிற நண்டுக் குழம்பு மாதிரி இன்னிக்கு வரைக்கும் நான் சாப்பிட்டதில்ல, என் பொண்ணுங்க ரெண்டும் அவன் தோள்லதான் வளந்துச்சுங்க என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அருணகிரியும் சிரித்தான். யெஸ் சார் என்றான். எதற்கு யெஸ் சார்? அவனுக்கு அதுவரை எதுவுமே தெரியாது. அப்பா ஆறு வருஷம் டவுன் ஸ்டேஷனில் வேலை பார்த்ததாகத்தான் வீட்டில் பேச்சு. காலையில் மடிப்புக் கலையாத காக்கியில் சைக்கிள் ஏறிப் போவார், சாயங்காலம் அதே மடிப்போடு வருவார். நாள் முழுக்க ரோந்து போகிற போலீஸ்காரனுக்குச் சட்டை எப்படிக் கசங்காமல் இருக்கும் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. மார்த்தாண்டன் வீட்டுக்குப் போனதும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கிளம்பும்போது எடுத்துப் போட்டிருப்பார். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவள்தானே துவைத்தாள், வியர்வையே இல்லாத சட்டையை.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்து மார்த்தாண்டனைப் பார்த்ததாகச் சொன்னான். கேட்டுவிட்டு அப்பா, நல்ல மனுஷராச்சே, உடம்பெல்லாம் சௌகரியமா இருக்காரா என்று கேட்டார். அவ்வளவுதான். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால், ஒரு வசவாவது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசியிருக்கலாம். சௌகரியமா இருக்காரா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை, இவனும் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதை மரியாதை என்று நினைத்துக்கொண்டான். எங்கள் மாவட்டத்தில் எவரும் இல்லை சார். யாரோ குரல் உடைந்து சொன்னார்கள், சளி. கோதண்டபாணி தலையை ஆட்டினார். செயலாளரின் பேனா ஓடியது. ‘ம’ வரிசைக்கு வந்துவிட்டார்களா? பிலோமினா எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்தவுடன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். தண்ணீர். அந்தப் பக்கம் போகாதே என்று மனசைப் பிடித்து இழுத்தான். இன்றைக்கு இங்கே தண்ணீர், நேற்று காலையில் முகம் கழுவும்போது, போன வாரம் ஜீப்பில் டிரைவர் பாட்டிலை நீட்டியபோது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தில்தான் போய் முட்டுகிறது.

அம்மா போன பிறகு அப்பாவை வலுக்கட்டாயமாக அழைத்து வந்திருந்தான். எஸ்.பி. பங்களா, பிரிட்டிஷ்காரன் கட்டியது, ஒவ்வொரு அறையும் கல்யாண மண்டபம் மாதிரி. அப்பா முன் ஹாலில் ஒருநாளும் உட்காரவில்லை. பின்கட்டில் தேசிங்குவோடுதான் இருப்பார், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு, அவனுடைய குழந்தைக்குக் காது குத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டு. கார் சத்தம் கேட்டதும் ஐயா வந்துட்டாரு என்பார். முதலில் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தான். தனியாக இருக்கும்போது மட்டும் டேய் அருணா, சாப்ட்டியாடா என்பார், அது போதும் என்றிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சரக டி.ஐ.ஜி. மனைவியோடு சாப்பிட வந்தார். தேசிங்கு லீவு, குழந்தைக்குக் காய்ச்சல். ஹேமலதா ஒற்றை ஆளாக அடுப்படியில் அல்லாடிக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்துவிட்டு அப்பா தண்ணீர்த் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பனியன், வேட்டி, தோளில் துண்டு. எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் அவ்வளவு பதமாகக் கொண்டுவந்து குனிந்து வைத்தார். அப்படிக் குனிய எங்கே கற்றுக்கொண்டார் என்பது இவனுக்குத் தெரியும். டி.ஐ.ஜி. இவனைப் பார்த்துத்தான் கேட்டார், அப்பாவைப் பார்த்து அல்ல. புது ஆளா? அப்பாதான் பதில் சொன்னார். ஆமாங்கய்யா.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடம் இருந்ததா? ஒரு வருடமாக இதையே அளந்துகொண்டிருக்கிறான். இவன் வாய் திறக்கத்தான் போனான், அதற்குள் அப்பா சொல்லிவிட்டார். இல்லை, திறக்கவில்லை, திறக்கலாமா என்று நினைத்தான். அதுகூட இல்லை, டி.ஐ.ஜி.யின் மனைவி ஏதோ சொன்னாள், அவள் பக்கம் திரும்பினான். அவள் பேசியது அதற்கு முன்பா பின்பா? ஒவ்வொரு முறையும் வரிசை மாறிவிடுகிறது. சாட்சிகளை விசாரித்து விசாரித்துப் பழகியவன், எத்தனை பேரை நீ முதலில் பார்த்தது எதை என்று மடக்கியிருக்கிறான், தன்னை மடக்க முடியவில்லை. சரி, இடமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆமாங்கய்யா என்ற பிறகு? அதன் பிறகு ஒரு முழுச் சாப்பாடு நடந்தது. ரசம், மோர், பீடா. வயசானவரா இருக்காரே, கைப்பக்குவம் நல்லா இருக்கும் என்று டி.ஐ.ஜி. சொன்னார், இவன் வாசல்வரை போய்க் கார் கதவைத் திறந்துவிட்டான். சார், அவர் எங்க அப்பா. எவ்வளவு சின்ன வாக்கியம். ஹேமலதா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவர்கள் போன பிறகு நீங்க ஏன் பேசல என்று மட்டும் கேட்டாள். அவரே சொல்லிட்டாரே என்றான். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை அப்பா பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வீடு பூட்டியே கிடந்தால் கறையான் ஏறிவிடுமாம். பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப் வேண்டாம், ஆட்டோ போதும் என்றார். நான் வரேங்க, உடம்பப் பாத்துக்குங்க என்றார். வரேங்க. பாத்துக்குங்க. அதற்குப் பிறகு போனிலும் அப்படித்தான், சொல்லுங்க, சாப்ட்டீங்களா, புள்ள நல்லா இருக்குதுங்களா. பெற்ற மகனுக்கு மரியாதை கொடுத்து ஒரு தகப்பன் இவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

வெள்ளாற்றூர் என்றார் செயலாளர். இரண்டாம் முறை கூப்பிட்டிருக்க வேண்டும், பிலோமினா முழங்கையால் இடித்தாள். அருணகிரி எழுந்தான். எல்லாரும் சொன்ன வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, மனப்பாடம் பண்ணிய பிள்ளை மாதிரி. எங்கள் மாவட்டத்தில் என்று ஆரம்பித்தான். எங்கள் மாவட்டத்தில் என்று மறுபடியும் சொன்னான். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவனுடைய குரலே அவனுக்குக் கேட்டது, எதிர்பாராத அளவுக்குச் சாதாரணமாக.

“என் வீட்ல மூணு பேர் இருக்காங்க சார்.”

பேனா நின்றது. கோதண்டபாணி கெட்டவர் இல்லை, பெரிய மனுஷர், ஒரு கணம் யோசித்துவிட்டு அவனுக்கு வழியும் காட்டினார். முன்னால இருந்தாங்கன்னு சொல்ல வர்றீங்க, இப்ப அனுப்பிட்டீங்க, அப்படித்தானே என்றார் தன்மையாக. அந்த வழி அகலமாகத்தான் இருந்தது, நான்கு பேர் சேர்ந்து நடக்கலாம். அருணகிரி இல்லை சார், இப்பவும் இருக்காங்க என்றான். தேசிங்கு சமையலுக்கு, லூர்துசாமி தோட்டத்துக்கு, குப்புராஜ் பிள்ளையை டியூஷனுக்கு அழைத்துப் போகவும் கடைகண்ணிக்கும். பெயர்களைச் சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றியது, தெரியவில்லை. தைரியம் என்று நாளைக்கு யாராவது சொல்வார்களோ? தைரியத்துக்கு நெஞ்சில் ஏதாவது தெரியவேண்டாமா? ஒன்றுமே தெரியவில்லை, கால் மட்டும் மரத்துப்போயிருந்தது. உட்காருங்க, இதைத் தனியாப் பேசிக்கலாம் என்றார் கோதண்டபாணி. செயலாளர் எதையும் எழுதாமல் அடுத்த மாவட்டத்தின் பெயரைப் படித்தார். எழுந்தவர் இளைஞர், இந்த வருடம்தான் மாவட்டம் கிடைத்தவர். அவர் மேடையைப் பார்த்தார், அருணகிரியைப் பார்த்தார், எவரும் இல்லை சார் என்று சொல்லி உட்கார்ந்தார். அதோடு பட்டியல் முடிந்துவிட்டது.

தேநீர் இடைவேளையில் அவனைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. யாரும் முறைக்கவில்லை, யாரும் திட்டவில்லை, மழை பெய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டே விலகிப் போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் போகிறபோக்கில், எல்லாரையும் மாட்டிவிட்டுட்டீங்களே என்றார், அதிலும் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். நியாயம்தானே. இனி விசாரணை வரும், கோப்பு ஓடும், ஏதாவது ஒரு மூலையில் இருக்கும் பயிற்சிப் பள்ளிக்கு இவனை மாற்றிவிடுவார்கள். அதைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று தோன்றியது, பயம் வரவில்லை. வந்தது வேறு. ஒரு வருடம் தாமதமாக, சம்பந்தமே இல்லாத ஒரு அரங்கத்தில், சம்பந்தமே இல்லாத மனிதர்களிடம் சொல்லியிருக்கிறோம். சொல்லவேண்டிய இடம் ஒரு சாப்பாட்டு மேசை, சொல்லவேண்டிய வாக்கியமும் இது இல்லை. பிலோமினா இரண்டு கோப்பைகளோடு வந்து ஒன்றை அவனிடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஊதி ஊதிக் குடித்தாள். என் வீட்டுல ரெண்டு பேர் அருணா, மாமியார் படுத்த படுக்கை, அந்தப் பொண்ணு கான்ஸ்டபிள்தான் தூக்கி உட்கார வைக்குது, நான் எப்படிச் சொல்லுவேன் என்றாள். அவனிடம் கேட்டாளா தன்னிடமே கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. கோப்பையை வைத்துவிட்டுப் போர்ட்டிகோவுக்குப் போனான்.

அங்கே சாரல் வளைந்து வளைந்து அடித்தது, கார்களின் மேல் நீர் புகைந்தது. மார்த்தாண்டன் செத்துப்போன செய்தியைச் சொல்ல வேண்டும், அது ஒரு காரணம், அதைச் சொல்லிக் கூப்பிடலாம். அப்பா நாலாவது மணியில்தான் எடுத்தார், சொல்லுங்க என்றார். சொன்னான். அப்படீங்களா என்றவர், பாவம், அந்தம்மாவுக்கு மூட்டுவலி ஆச்சே, இப்ப யாரு பாத்துக்குவாங்க என்றார். பெரிய பாப்பா அமெரிக்காவில் இல்லையா, இனி சின்னதுதான் எல்லாம் பார்த்துக்கொள்ளவேண்டியிருக்கும் என்று தனக்குள் பேசிக்கொள்கிற மாதிரி சொன்னார். அவர்களைப் பற்றி எல்லாமே அவருக்கு ஞாபகம் இருந்தது. அருணகிரி மாநாட்டில் நடந்ததையும் சொன்னான், சுருக்கமாக, குற்றப் பத்திரிகை படிக்கிற குரலில். தேசிங்கு பெயர் வந்ததும் அப்பா பதறினார். அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே, அவன் என்ன பண்ணுவான் என்று கேட்டார். ஆகாது, ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள், அவன் படித்த படிப்புக்கு அதுதான் நல்லது என்றான். உங்களுக்குங்க? தெரியலப்பா என்றான். மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது, ஆரணியிலும் பெய்கிறதோ என்னவோ. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. அப்பா, அன்னிக்கு டி.ஐ.ஜி. சாப்பிட வந்தப்ப என்று ஆரம்பித்தான். பின்னால் யாரோ குழுப் புகைப்படத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பதவி வரிசைப்படி நிற்கச் சொல்லி.

அப்பா அவனை முடிக்க விடவில்லை. இதைச் சொல்ல அவரும் காத்திருந்தார் போல.

“அதயா இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. அவரு கேட்டதும், இவரு எங்கப்பான்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அவ்ளோ பெரிய அதிகாரி முன்னால உங்களுக்குக் கூச்சமாயிடக் கூடாதேன்னுதான் நான் முந்திக்கிட்டேன்.”

அருணகிரி போர்ட்டிகோ தூணைப் பிடித்துக்கொண்டான். கல் ஜில்லென்று இருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு வருடமாக அவன் தேடித் தேடிக் கிடைக்காத அந்த இடுக்கில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், மகன் மேல் அவ்வளவு நம்பிக்கையோடு, அவன் சொல்லத்தான் போகிறான் என்று பயந்துகொண்டு. அதே கணம் அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது, வரிசை மாறாமல், சாட்சி குழம்பாமல். டி.ஐ.ஜி. கேட்டார். இவன் டி.ஐ.ஜி.யின் மனைவி பக்கம் திரும்பினான். அவள் ஒன்றும் பேசவில்லை. அவனாகத்தான் திரும்பினான்.

சொல்லத்தானே இருந்தீங்க என்றார் அப்பா, மறுபடியும்.

“ஆமாம்பா” என்றான் அருணகிரி.

எனக்குத் தெரியாதுங்களா என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு வருடமாக இல்லாத சந்தோஷம் இருந்தது.